எட்டிதழ் டிரையாஸ்: குச்சிகள் எல்லாம் கருகுகின்றன, என்ன தப்பு செய்கிறேன்?

கல்தோட்டம் (இழையைத் தொடங்கியவர்), ஆகஸ்ட் 3

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் டிரையாஸ் ஆக்டோபெட்டலா என்ற குளிர்மலைச் செடி ஒன்றே ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு உள்ளங்கை அளவு வாங்கினேன், இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பாய் விரித்திருக்கிறது. இந்த ஜூனில் 11 பூ. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம், செடியோ தரையை விட்டு நான்கு விரல்கூட எழவில்லை. பார்த்தவுடன் ஆசை வந்துவிட்டது, கல் பாத்தி முழுக்க இதுவே படர வேண்டும் என்று.

ஜூலை முதல் வாரத்தில் 20 குச்சி வெட்டினேன். ஒவ்வொன்றும் சுமார் 5 செ.மீ. வேர் ஊக்கிப் பொடியில் தோய்த்து, கோகோபீட்டில் நட்டு, மேலே பிளாஸ்டிக் மூடி போட்டு ஜன்னலோரம் வைத்தேன். தினமும் காலை மாலை தண்ணீர் தெளித்தேன். மூன்று வாரத்தில் 17 கருப்பாகிவிட்டன. மீதி 3 பச்சையாக இருந்தாலும் இழுத்தால் கையோடு வருகிறது, வேரே இல்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. தாய்ச்செடியின் நடுவில் இலைகள் பழுப்பாகிக் காய்ந்து, உதிராமல் அப்படியே தொங்குகின்றன. நோயா? மருந்து அடிக்கலாமா?

---

சரளைப்பித்தன், ஆகஸ்ட் 3

கோகோபீட், மூடி, காலை மாலை தண்ணீர். விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். மேலே கரும்பச்சை, தோல் போன்ற பளபளப்பு. அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டவைத்தது மாதிரி அடர்ந்த மயிர், விளிம்பு உள்நோக்கிச் சுருண்டிருக்கும். காற்று உறிஞ்சும் மேட்டில் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள இந்தச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. அதே பஞ்சு, மூடிய டப்பாவுக்குள் தண்ணீரைக் கோத்துக்கொண்டு விடுவதில்லை. பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

நடுவில் பழுப்பு இலை இருப்பது நோய் இல்லை. பழைய இலைகளை இந்தச் செடி சட்டென்று உதிர்ப்பதில்லை, காய்ந்த பிறகும் தண்டிலேயே வருடக்கணக்கில் வைத்திருக்கும். சந்தேகமாக இருந்தால் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மருந்து எதுவும் வேண்டாம். காய்ந்த இலையைப் பிய்க்கவும் வேண்டாம், பிய்க்கிற வேகத்தில் நுனி மொட்டும் கையோடு வந்துவிடும்.

---

கல்தோட்டம், ஆகஸ்ட் 3

கீறிப் பார்த்துவிட்டேன், பச்சைதான். அப்பாடா! நாளை மருந்து வாங்கப் போவதாக இருந்தேன்.

---

நாற்றங்கால், ஆகஸ்ட் 4

சிறிய அளவில் மலைச்செடி நாற்று வளர்க்கிறேன். குச்சியே பிடிக்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள், நேரமும் முறையும்தான் மாற வேண்டும்.

நீங்கள் ஜூலைத் தொடக்கத்தில் வெட்டியது இளம் தண்டு. விரலால் வளைத்தால் கொடி மாதிரி வளைந்திருக்குமே? அது சீக்கிரம் அழுகும். பூ முடிந்து, புது வளர்ச்சி அடியில் மரத்தன்மை ஏறி, நுனி மட்டும் மென்மையாக இருக்கும்போது எடுக்க வேண்டும். பூமியின் வட பாதிக் கோடையில் அது ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இறுதிக்குள் வரும். கத்தரியால் வெட்டாமல், பக்கக் கிளையைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்தால் அடித்தண்டின் பட்டைத் துணுக்கு ஒன்று வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அந்த வால் உள்ள குச்சிதான் என்னிடம் அதிகம் வேர் பிடிக்கிறது. 3 முதல் 5 செ.மீ. போதும். கீழ்ப்பாதி இலைகளை எடுத்துவிடுங்கள். ஒரு இலைகூட மண்ணுக்குள் போகக் கூடாது, கருகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

கலவைக்கு நான் கூர்மணலும் பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக் கல் துகள்) சம அளவு எடுத்து, ஒரு கைப்பிடி சலித்த இலைமக்கு சேர்க்கிறேன். முதலில் நனைத்தபின் மேல்பரப்பு வெளுத்தால்தான் அடுத்த தண்ணீர். மூடி போட்டால் தினமும் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும். வெயில் நேராகப் படாத வெளிச்சம் போதும், ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் சூடு தேங்கும்.

சில குச்சி இரண்டு மாதத்தில் வேர் விடும், சில அடுத்த வசந்தம் வரை யோசித்துக்கொண்டே இருக்கும். இவ்வளவு செய்தும் எல்லாம் பிடிப்பதில்லை. பாதி வந்தாலே நல்ல வருடம் என்று நினைத்துக்கொள்வேன்.

---

மொட்டைமாடி, ஆகஸ்ட் 4

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இருப்பது நல்ல வெயில் ஊர். படத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். நிழல்வலை போட்டு, தினமும் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வருமா?

---

சரளைப்பித்தன், ஆகஸ்ட் 4

வராது. மனசு கஷ்டப்படும் என்று இழுத்துப் பேசினால் உங்கள் காசுதான் வீணாகும். இதன் ஊர் ஆர்க்டிக் ஓரமும் ஆல்ப்ஸ் மாதிரி உயர் மலைகளும். பகல் வெயிலைக்கூடத் தாங்கும், குளிராத இரவைத் தாங்காது. வெதுவெதுப்பான ஈர மண்ணில் வேர் வெந்த மாதிரி ஆகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வேருக்கு அதிர்ச்சி கொடுத்ததுதான் மிச்சம். உங்கள் பக்கத்து வறண்ட பாறைகளில் தானாகப் படரும் செடி ஏதாவது இருக்கும், அதைத் தேடுங்கள்.

---

மொட்டைமாடி, ஆகஸ்ட் 4

சரி, ஆசையை மூட்டை கட்டிவிட்டேன். இழையை மட்டும் படிக்கிறேன்.

---

வேர்தேடி, ஆகஸ்ட் 5

தாவரவியல் படிக்கிறவன் என்பதால் பெயர்க்கதையைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் இது. கிரேக்கக் கதைகளில் ஓக் மரத்தில் குடியிருக்கும் தேவதைகளுக்கு டிரையாட் என்று பெயர். இந்தச் செடியின் இலை விளிம்பு குட்டி ஓக் இலை போல வளைந்து வளைந்து இருப்பதால் டிரையாஸ். ஆக்டோபெட்டலா என்றால் எட்டு இதழ். ரோஜாக் குடும்பம்தான், ஆனால் அந்தக் குடும்பத்தில் ஐந்து இதழ்தான் வழக்கம், இது எட்டு. சில பூவில் ஒன்றிரண்டு கூடும். நார்வேக்காரர்கள் இதைக் கலைமான் ரோஜா என்கிறார்கள். ஐஸ்லாந்தில் 2004இல் தேசியப் பூவாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

'யங்கர் டிரையாஸ்' என்று படித்திருப்பீர்கள். பனியுகம் முடிந்து பூமி சூடாகி வரும்போது திடீரென்று குளிர் திரும்பிய காலம், சுமார் 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு. ஸ்காண்டிநேவியக் களிமண் அடுக்குகளில் இந்தச் செடியின் இலைகள் கிடைத்ததால்தான் அந்தக் காலத்துக்கே இதன் பெயர் வந்தது. உங்கள் தட்டு அகலப் பாய்க்குப் பின்னால் அவ்வளவு இருக்கிறது!

இனி வேலைக்கு வருகிறேன். டிரையாஸின் வேரைச் சுற்றிப் பூஞ்சை இழைகள் உறை போலப் போர்த்தி வாழும். பைன், ஓக் மரங்களின் வேரில் இருக்கிற அதே வகைக் கூட்டு. சத்தில்லாத சரளையில் இது உயிர் வாழ்வதற்கு அந்தப் பூஞ்சையும் ஒரு காரணம். அதனால் வேர் பிடித்த குச்சியைத் தொட்டிக்கு மாற்றும்போது தாய்ச்செடி அடியிலிருந்து ஒரு சிட்டிகை மண் சேருங்கள். குச்சி வேர் விடுவதற்கு முன்பு வேண்டாம், அந்த மண்ணோடு அழுகல் கிருமியும் வந்து சேரலாம்.

---

பனிக்காலன், ஆகஸ்ட் 6

இவ்வளவு பேசுகிறீர்கள், சுலபமான வழியை ஒருவரும் சொல்லவில்லையே. பதியம் போடுங்கள் ஐயா!

இந்தச் செடி இயற்கையில் பரவுவதே அப்படித்தான். தண்டு தரையோடு ஊர்ந்து போகும், போகிற வழியில் சரளைக்குள் வேர் விடும். நீங்கள் அதற்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தால் போதும். நான் செய்வது இதுதான். பாயின் ஓரத்தில் போன வருடத்துத் தண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன். அதன் நடுப்பகுதி இலைகளை நீக்கி, தரையில் ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் பறித்துப் படுக்கவைத்து, வளைத்த கம்பியால் குத்தி நிறுத்துகிறேன். மேலே கூர்மணலும் பொடிச் சரளையும். நுனி மட்டும் இரண்டு மூன்று செ.மீ. வெளியே தெரிய வேண்டும். புதைத்த இடத்தின்மேல் ஒரு தட்டைக் கல்லை வைத்துவிடுங்கள், தண்டு அசையாது, அடியில் ஈரமும் நிற்கும்.

அப்புறம் ஒரு வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். இதுதான் கஷ்டம், நம் கை சும்மா இருக்காது. வேர் வந்ததா வந்ததா என்று தோண்டிப் பார்த்தே நான் முதல் வருடம் நான்கைக் கொன்றேன்.

வேர் பிடித்த பிறகும் உடனே பெயர்க்காதீர்கள். முதலில் தாயோடு சேரும் தண்டை மட்டும் வெட்டி, ஐந்தாறு வாரம் அதே இடத்தில் தனிக்குடித்தனம் நடத்த விடுங்கள். தாங்கினால் அப்புறம் எடுக்கலாம்.

---

நாற்றங்கால், ஆகஸ்ட் 6

பனிக்காலன் சொல்வது சரிதான், ஒரு செடியை ஐந்தாக்க இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. எனக்கு ஐம்பது வேண்டும், அதனால் குச்சிக்குப் போகிறேன். ஒரே தாய்ச்செடியைச் சுற்றிலும் கம்பி குத்தினால் அது போர்க்களம் மாதிரி ஆகிவிடும்.

---

கல்தோட்டம், ஆகஸ்ட் 6

எனக்கு ஏழெட்டு போதும் அக்கா. பதியமே போடுகிறேன். மண்ணில் சுண்ணாம்பு கலக்க வேண்டுமா? ஒரு இடத்தில் கட்டாயம் என்றும், இன்னொரு இடத்தில் தேவையே இல்லை என்றும் படித்தேன்.

---

வேர்தேடி, ஆகஸ்ட் 6

காட்டில் இது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை, டோலமைட் உள்ள இடங்களில்தான் கிடைக்கிறது. அயர்லாந்தின் பர்ரன் பகுதியில் சுண்ணாம்புப் பாறைமேல் கடல் மட்டம் வரைக்கும் இறங்கி வளர்கிறது. சுண்ணாம்புச் சரளை கலப்பது நல்லது.

---

பனிக்காலன், ஆகஸ்ட் 7

என்னுடையது ஒன்பது வருடமாக வெறும் கருங்கல் ஜல்லியில் இருக்கிறது. சுண்ணாம்பு ஒரு சிட்டிகைகூடப் போட்டதில்லை, வருடம் தவறாமல் பூக்கிறது. புத்தகத்தைச் செடி படிப்பதில்லை தம்பி.

---

சரளைப்பித்தன், ஆகஸ்ட் 7

இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். காட்டில் ஒரு செடி எங்கே ஜெயிக்கிறது என்பதும், பாத்தியில் போட்டியே இல்லாமல் அது எங்கெல்லாம் பிழைக்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள். புளிப்பு மண், பீட் (சதுப்பு நில மக்கு) நிறைந்த மண் ஆகாது. நடுத்தர மண் போதும், சுண்ணாம்புச் சரளை கையில் இருந்தால் போடுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிவதில்தான் இதன் உயிர் இருக்கிறது. நான் பாதிக்கு மேல் சரளைதான் போடுகிறேன். உரம் போடவே போடாதீர்கள். போட்டால் தழை கொழிக்கும், பூ குறையும், அந்தக் கொழுத்த தண்டு முதல் குளிர்காலத்தில் அழுகும்.

குளிரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பனிப்போர்வை இல்லாமல் செத்துவிடும் என்று பயந்து வைக்கோல் போட்டு மூடுகிறவர்கள் உண்டு. மலையில் இது அதிகம் நிற்பது காற்று பனியை அடித்துக்கொண்டு போய்விடும் மேடுகளில். வெறும் உறைகுளிர் இதற்குப் பழக்கம். உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, நடுவில் மழையும் பெய்து மண் சொதசொதவென்று நிற்கிற குளிர்காலத்தில்தான் இது போகும். வைக்கோலுக்குப் பதில் இரண்டு விரல் கனத்துக்குச் சரளையைப் பாயின் கழுத்துவரை பரப்புங்கள்.

---

கல்தோட்டம், ஆகஸ்ட் 9

இன்று ஏழு பதியம் போட்டாயிற்று. ஏழு தட்டைக் கல், பார்க்கக் குட்டிச் சமாதிகள் மாதிரி இருக்கிறது. நல்ல சகுனமா தெரியவில்லை.

வேலை செய்யும்போது ஒன்றைக் கவனித்தேன். பூத்து முடிந்த காம்புகளின் நுனியில் பட்டு நூலை முறுக்கி வைத்தது மாதிரி ஒரு கொத்து. சில காம்பில் அது பிரிந்து பஞ்சு உருண்டையாக நிற்கிறது. இது விதையா? இதையும் போட்டுப் பார்க்கலாமா?

---

நாற்றங்கால், ஆகஸ்ட் 9

அதுதான். முறுக்கிக்கொண்டு இருந்தால் இன்னும் முற்றவில்லை. பிரிந்து பஞ்சானபின், காற்று கொண்டுபோவதற்குள் நீங்கள் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு இறகு வாலின் அடியிலும் ஒரு சின்ன விதை. விரலால் உருட்டிப் பாருங்கள், பல பொக்காக இருக்கும். கெட்டியாகத் தட்டுப்படுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோடை குளிர்ந்தும் மழையாகவும் போன வருடத்தில் பெரும்பாலும் பொக்குதான்.

எடுத்த கையோடு விதைத்தால் சில அப்போதே முளைக்கும். இல்லையென்றால் ஈர மணலோடு கலந்து ஜிப் பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 டிகிரி அளவில் ஐந்தாறு வாரம் வைத்துவிட்டு விதைக்கலாம். விதைத்த தொட்டியைக் குளிர்காலம் முழுக்க வெளியிலேயே விட்டுவிடுவது இன்னும் சுலபம். வாலைக் கிள்ளிவிடுங்கள், விதை படுக்கையாக உட்காரும். மேலே மெல்லிய சரளை, மூடியும் மூடாததுமாக.

ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் மஞ்சள் பூ டிரையாஸ் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? வட அமெரிக்காவின் டிரம்மொண்டியை நம் செடியோடு கலந்து உண்டான சுண்டர்மன்னியை என்ற கலப்பினம் ஒன்று உண்டு. மொட்டு வெளிர்மஞ்சள், விரிந்தால் பால்வெள்ளை, தலை கொஞ்சம் கவிழ்ந்திருக்கும். அழகான செடிதான், ஆனால் அதன் விதையில் எது வரும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஆக்டோபெட்டலா என்று சீட்டு ஒட்டி எனக்கு ஒருவர் விற்றது அதுதான். இரண்டு வருடம் கழித்து மொட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

---

வேர்தேடி, ஆகஸ்ட் 10

மலையேறப் போகிற இடத்தில் பார்த்தால் காட்டுச் செடியைப் பிடுங்கிவராதீர்கள். தேசியப் பூங்கா போன்ற காப்பிடங்களில் அது குற்றம், அது போகட்டும், பிடுங்கினாலும் பிழைக்காது. ஒரு பாய் நூறு வயதைத் தாண்டியும் வாழும். கீழே மரக்கட்டை போன்ற வேர் பாறை இடுக்குக்குள் போயிருக்கும், நம் கைக்கு வருவது அறுந்த நுனிதான்.

---

பனிக்காலன், ஆகஸ்ட் 10

உண்மை. சொந்தத் தோட்டத்திலேயே ஐந்து வயதுச் செடியை இரண்டடி தள்ளி வைக்கலாம் என்று தோண்டினேன். பெரிய மண்கட்டியோடுதான் எடுத்தேன். ஒரு வாரம் பச்சையாக இருந்து ஏமாற்றிவிட்டு அப்படியே காய்ந்தது. எங்கே வைக்கப் போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

---

கல்தோட்டம், அடுத்த ஆண்டு மே 28

இழையைத் தட்டி எழுப்புகிறேன். குளிர்காலம் முழுக்க எதையும் தொடவில்லை, சத்தியமாக. ஜூலையில் பிழைத்த அந்த 3 குச்சியும் போய்விட்டன. விதைத் தொட்டியில் 22 விதை போட்டேன், 6 முளைத்திருக்கிறது. முதலில் இரண்டு வட்ட இலை, நடுவிலிருந்து இப்போது பல்விளிம்போடு ஒரு இலை வருகிறது. அரிசி நீளம்கூட இல்லை, ஆனால் பார்த்தவுடன் டிரையாஸ் என்று தெரிகிறது. இன்னொன்று இருந்தது, நத்தை தின்றுவிட்டது.

தாய்ச்செடியில் இந்த முறை 19 மொட்டு. ஒரு பூ விரிந்துவிட்டது. காலையில் கிழக்கே பார்த்து நின்றது, மாலையில் மேற்கே பார்க்கிறது. நான்தான் தப்பாகப் பார்த்தேனா?

---

வேர்தேடி, மே 28

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். கிண்ணம் போன்ற பூ சூரியனோடு திரும்பி வெயிலை நடுவில் குவிக்கும். பூவுக்குள் வெளிக்காற்றைவிடச் சில டிகிரி கூடுதல் சூடு இருக்கும். ஈக்கள் அங்கே வந்து குளிர்காய்கிற சாக்கில் மகரந்தமும் சுமக்கும், விதையும் சீக்கிரம் முற்றும். நிழலில் வைத்தால் பூ குறைவது ஏன் என்று இப்போது புரியும்.

---

சரளைப்பித்தன், மே 29

நாற்றைச் சீக்கிரம் பிரித்துவிடுங்கள், உண்மை இலை இரண்டு மூன்று வந்தவுடனே. தாமதித்தால் வேர் தொட்டி அடியைத் தொட்டுவிடும், அப்புறம் பிரித்தால் அறுந்துபோகும். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

---

கல்தோட்டம், ஆகஸ்ட் 30

ஒரு வருடமும் மூன்று வாரமும் ஆகிவிட்டது. இன்று முதல் கல்லைத் தூக்கினேன். சரளையை விரலால் ஒதுக்கினால் தண்டின் அடியிலிருந்து பழுப்பு நூல் மாதிரி வேர்கள், நுனி மட்டும் வெள்ளையாக, மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. லேசாக இழுத்தேன், வரவில்லை. அந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

ஏழில் நான்கு பிடித்திருக்கிறது. இரண்டு காய்ந்துவிட்டன. ஒன்று பச்சையாக இருக்கிறது, வேர் இல்லை, அதை மறுபடி மூடிவிட்டேன். நான்கையும் இப்போதே தாயிடமிருந்து வெட்டலாமா?

---

பனிக்காலன், ஆகஸ்ட் 31

இப்போது வெட்டினால் குளிர் வருவதற்குள் தனியாக வேர் ஊன்ற நேரம் போதாது. பனி விலகி மொட்டு அசையத் தொடங்கும்போது வெட்டுங்கள். கல்லைத் திரும்ப வையுங்கள்.

---

கல்தோட்டம், ஆகஸ்ட் 31

வைத்துவிட்டேன். கை மட்டும் அரிக்கிறது.